ஊர் சுற்றி வந்த நேர்த்திப் பூசணி

போன ஞாயிறு, கிளிநொச்சிச் சந்தையில் ஒரு பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பரமேஸ் அக்கா சண்டை பிடித்தார்.

அக்கா என் பக்கத்து வீடு. இரணைமடு வாய்க்கால் ஓரம் பூசணித் தோட்டம். மகளுக்குக் கண் ஒப்பரேசன் என்றதும், முதல் காய் அம்மன் பொங்கலுக்கு என்று நேர்த்தி வைத்தார். பிஞ்சிலேயே நகத்தால் அதில் ஒரு சூலம் கீறிவிட்டார். காய் பெருக்கப் பெருக்கக் கீறலும் பெருத்துத் தழும்பாகும். நேர்த்திக் காய்க்கு எங்கள் பக்கத்து அடையாளம் அது.

மகளின் கண் சுகமாகிவிட்டது. ஆனால் காய் வாங்க வரும் லொறிக்காரருக்குச் சூலம் தெரியுமா? அக்கா மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போன நேரம், தோட்டத்துக் காய்கள் எல்லாவற்றோடும் அதையும் ஏற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்கு வேறு காய் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். வியாபாரி காதர் நானாவின் குவியலில்... அதே சூலம்!

“நானா, இது என்ர காய்!”

“இல்ல, தங்கச்சி, இது தம்புள்ளச் சாமான். விடியத்தான் இறக்கினது.”

விளங்குகிறதா? எங்கள் மண்ணில் காய்த்தது மாங்குளம், வவுனியா தாண்டித் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய், இன்னொரு லொறியில் அதே வீதியால் திரும்பியிருக்கிறது. போகவும் டீசல், வரவும் டீசல். அந்தப் புகையை விழுங்குவது யார்? பிறகு வெயில் கொல்கிறது, மழை ஏமாற்றுகிறது என்று புலம்புகிறோம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன் நானா, அக்காவிட்ட நேர வாங்கினால் என்ன?”

“எனக்கு எல்லா மரக்கறியும் ஒண்டா வரோணும் தம்பி. இங்க சேர்த்துத் தர ஒரு இடம் இருக்கா?”

இல்லை. விவசாயிக்காகக் கூட்டம் போட மண்டபம் உண்டு — காய் சேர்த்து வைக்க ஒரு கொட்டகை இல்லை. வெட்கமாக இல்லையா நமக்கு?

அக்கா காயைத் திருப்பினார். அடிப்பக்கம் நசுங்கி நீர் வடிந்தது. பழுதானதை அம்மனுக்குப் படைக்க முடியாது.

“பிள்ளையின்ர கண்ணுக்கு வச்சது தம்பி...” அக்கா சூலத் தழும்பைத் தடவினார். நானா காயை வாங்கி ஓரமாக வைத்தார்.

வேறு காய் வாங்க அக்காவுக்கு மனம் வரவில்லை; வெறுங்கையோடு திரும்பினோம். வாய்க்கால் ஓரம், அடுத்த தோட்டத்தில் லொறி நின்றது. காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்தார். “இனிச் சூலத்தைக் காயில கீறமாட்டன் தம்பி. லொறி டயரிலதான் கீறுவன்!”

ஆணி என் பொறுப்பு.