சவுனாவில் வெந்த பேரிங்

எங்கள் ஹான்காக் தெருவில் ஒன்னி குர்க்கலாவைப் போல வீம்பு பிடித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. எதிர்வீட்டுக்காரன் நான், எத்தனையோ பனிக்காலமாகப் பார்க்கிறேன். தன் வாசலிலிருந்து தெருவுக்கு ஓடும் வண்டிப்பாதையில் விழுந்த பனியை அடுத்தவன் தள்ள அவர் ஒருநாளும் விட்டதில்லை. எங்கள் பக்கம் அது மானப் பிரச்சினை. ஒருமுறை விட்டால் போதும், கிழவர் ஓய்ந்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பழைய பனி வாரும் மெஷின் கிறீச்சிட்டு அலறியது. பனியைச் சுருட்டி உள்ளே இழுக்கும் திருகுத்தண்டின் இரு முனையிலும் பேரிங் தேய்ந்து, தண்டு தலையாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டெல்பர்ட் தன் புது மெஷினோடு வந்து நின்றான்.

"அண்ணே, நான் ஒரு இழுப்பு இழுத்து விட்டுடவா?"

"கைய வச்சே, தொலைஞ்சே!"

ஒன்னி தண்டைக் கழற்றினார். துருவேறிய பேரிங் சுத்தியலுக்கு மசியவில்லை. சூடு காட்டினால் இளகும். தண்டையும் வாங்கி வைத்திருந்த புது பேரிங்கையும் தூக்கிக்கொண்டு, வீட்டோரத்தில் கொதித்துக்கொண்டிருந்த சவுனாவுக்குள், எங்கள் நீராவிக் குளியலறைக்குள், போய்விட்டார். சவுனாவுக்குள் துணியோடு நுழைகிற வழக்கம் எங்களுக்கு இல்லை, பேரிங் மாட்டப் போனாலும் சரி. கையுறை மட்டும் போட்டிருந்தார்.

அவர் மனைவி சில்வி கதவைத் தட்டினாள். "ஏங்க, கிரீஸ் நாத்தம் தெரு வரைக்கும் அடிக்குது!"

"பழசு கழண்டுருச்சு சில்வி. புதுசுதான் ஏற மாட்டேங்குது."

"ரெண்டையும் சேத்து வேக வச்சா எப்படி ஏறும்? தண்டக் கொண்டுபோய்ப் பனியில போடுங்க."

கையுறையோடு மட்டும் வெளியே ஓடி வந்து தண்டைப் பனியில் புதைத்தார். மரியாதைக்காக நான் திரையை இழுத்துவிட்டேன், பாதிதான். குளிர்ந்த தண்டில் சூடான பேரிங் வழுக்கிக்கொண்டு ஏறியது.

உடுத்திக்கொண்டு, தண்டைப் பூட்டிய மெஷினை உருட்டி முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டிப்பாதையில் பொட்டுப் பனி இல்லை. டெல்பர்ட் தள்ளி முடித்திருந்தான். ஒன்னியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த நிமிஷமே அவர் மெஷினைக் கிளப்பி, பனி கக்கும் குழாயைத் திருப்பி, தோட்டத்தில் கிடந்த பனியையெல்லாம் வாரி வண்டிப்பாதையில் கொட்டினார். முழங்கால் உயரம்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" ஜன்னலிலிருந்து சில்வி கத்தினாள்.

பிறகு குழாயை மறுபக்கம் திருப்பி, ஒரு முனையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். டெல்பர்ட் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான்.

"அண்ணே, கிறீச் சத்தமே காணோமே!"

"காணோம்தான்" என்றார் ஒன்னி. "ஆனா பனி பூரா உன் பாதையில போய் விழுந்துருச்சுடா. நீ உள்ள போய் உக்காரு. நான் தள்ளி விடுறேன்."