பாதியில் நின்றுபோகும் குரல்

ஈரோட்டில் இருக்கும் என் நண்பன் லியோவுக்குப் பொழுது விடிந்ததும் ஃபோன் வரத் தொடங்கிவிடும். அந்தப் பக்கத்தில் பார்வையில்லாத யார் புதிதாகக் கணினி வாங்கினாலும் முதல் அழைப்பு அவனுக்குத்தான். அந்தியூரிலிருந்து ஒருவர், “ஏனுங்க சார், புது லேப்டாப் வாங்கிப்போட்டனுங்க, வாயே தொறக்க மாட்டேங்குது” என்பார். “விண்டோஸ் பட்டனையும் கண்ட்ரோலையும் சேத்து அமுத்திப் புடிச்சுட்டு என்டரத் தட்டுங்க” என்பான் லியோ. தட்டியதும் கணினி பேசும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல் இப்போது கணினியோடு கூடவே வருகிறது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, தனியாக வாங்கிப் போட வேண்டியதும் இல்லை. இதைச் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. இதே மூன்று பட்டனை ஒருத்தியிடம் மட்டும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த யோக்கியன் அவன்.

எனக்கும் பார்வை இல்லை. பெயர் மதன்குமார். ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு கோவையில், காந்திபுரத்துச் சந்து ஒன்றில் இருந்த, பார்வையில்லாதவர்களுக்கான கணினிப் பயிற்சி மையத்தில் நானும் லியோவும் அமலியும் ஒரே பெஞ்சு. லியோ வெள்ளகோவில் லாரி டிரைவர் மகன். அமலி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் தங்கி வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். வேலை கிடைத்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும் என்கிற நிலைமை.

அப்போது எங்களுக்குத் தெரிந்தது, திரையை வாசித்துச் சொல்லும் வெளிநாட்டு மென்பொருள் ஒன்றுதான். அதுவும் ஓசியில் கிடைத்த சோதனைப் பதிப்பு. கொஞ்ச நேரம் பேசும், பிறகு பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். அது ஆடி அசைந்து எழுந்து வரும் வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை.

அந்த இடைவெளிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. கணினி ஓடும்போது மூன்று பேர் காதிலும் இயர்போன், ஆளுக்கொரு உலகம். ஒன்றாகப் போட்டதால் மூன்றும் ஒன்றாகவே சாகும், இயர்போன்கள் மேசையில் விழும் சத்தம் கேட்கும். தேங்காய் பன் பிரியும். லியோ தன் அப்பாவின் லாரிக் கதைகளை எடுத்து விடுவான். அமலிக்குச் சிரிப்பு வந்தால் லேசில் அடங்காது. நான் எதைச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் காதில் ஏறாது. பார்வை இல்லாவிட்டால் என்ன, பக்கத்தில் காதல் நடந்தால் தெரியாமலா போகும்?

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மையத்துக்குப் புதுக் கணினிகள் கொடுத்தார். அதற்குள்ளேயே குரல் இருக்கிறது, அது நிற்காமல் பேசும் என்று லியோ எங்கிருந்தோ கேட்டு வந்தான். ஒருநாள் மதியம், அமலி சாப்பிடப் போயிருந்தபோது அந்த மூன்று பட்டனையும் தட்டிப் பார்த்தோம். பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லியோ என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாப்ள, அமலிகிட்ட சொல்லிப்போடாத.”

“ஏன்டா?”

“இது நிக்காதுல்ல” என்றான்.

புரிந்தது. புரிந்ததால் சும்மா இருந்தேன். ஆனால் பரீட்சைத் தேதி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அமலி ஒவ்வொரு முறையும் பாதிக் கணக்கில் நின்று, அணைத்து, காத்திருந்தாள்.

“உன் ஆசைக்கு அந்தப் புள்ள பொழப்பக் கெடுக்காத. நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“சொன்னா பாஸ் பண்ணி எந்த ஊருக்கோ போயிருவா மாப்ள.”

“போகட்டும்.”

அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் கணினி வழக்கம்போலப் பாதியில் செத்ததும் தொண்டையைச் செருமினான்.

“ஏனுங்க அமலி, இந்தச் சனியனே வேண்டாமுங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு குரல் இருக்குதுங்க. நிக்காம பேசும். எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம இருந்துட்டனுங்க.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எனக்கும் தெரியுமுங்க” என்றாள் அமலி. “ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல தெனமும் அதுலதானுங்க படிக்கறேன். பரீட்சைக்கு வேணுங்கறதெல்லாம் முடிச்சாச்சு.”

“அப்பறம் எதுக்குங்க இங்க வந்து இதோட மல்லுக்கட்டறீங்க?”

அமலி மெதுவாகச் சொன்னாள். “இது நின்னாத்தானுங்க நீங்க பேசறீங்க.”

அந்த நேரம் பார்த்துக் கணினி எழுந்து பேசத் தொடங்கியது. லியோ கையை நீட்டி அதை அணைத்துவிட்டான். நான் கம்பை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினேன்.

அமலி அந்தப் பரீட்சையில் தேறினாள். ஈரோட்டில் வேலை கிடைத்தது. லியோ அவள் பின்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு போனான். கல்யாணத்தில் அவனுக்கு மாப்பிள்ளைத் தோழன் நான்தான். இப்போது இங்கே கோவையில் என் கணினி நாள் முழுக்க நிற்காமல் பேசுகிறது, நன்றாகவே பேசுகிறது. சில நாள் சாயங்காலம் நானே அதை நிறுத்திவிட்டு ஈரோட்டுக்கு ஃபோன் போடுகிறேன்.