வாளியில் சரியாக ஓடிய ட்ரைவர்

பழைய சர்க்யூட் போர்டில் லினக்ஸ் ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு, சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு காது போனிலேயே இருக்கும்.

உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அந்தக் கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். ஆனாலும் நமக்கு இழைக்கப்பட்டவற்றை வரிசை மாறாமல் பதிவுசெய்துவிடுகிறேன். முதலாவது, எங்கள் போர்டில் இருந்த பவர்பிசி சிப்பைச் செய்தவர்கள் அதைச் செய்வதை நிறுத்தினார்கள். இரண்டாவது, போர்டைச் செய்த கம்பெனி மூடப்பட்டது. அதன் வரைபடங்கள் யார் வீட்டு அலமாரிக்குப் போயின என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது, லினக்ஸின் உட்கருவான கெர்னலில் பழைய முறையைத் தூக்கிவிட்டு, போர்டில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நீயே எழுதிக் கொடு என்றார்கள். நான்காவது, இந்த வேலை தெரிந்த ஆறு பேரை எங்கள் கம்பெனியின் சென்னை அலுவலகம் ஒரே வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பியது. ஐந்தாவது, அந்த ஆறு பேரின் வேலை தென்காசியில் எங்கள் இரண்டு பேர் தலையில் இறங்கியது. ஆறாவது, எங்களுக்குக் கெடு வைத்தது குற்றாலத்துச் சாரல் மழை. அதனிடம் அவகாசம் கேட்டு மனுக் கொடுக்க முடியாது.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். சங்கம் வைத்ததற்காக மூன்று தொழிற்சாலைகளிலிருந்து வெளியே தள்ளப்பட்டவன். அரசியலைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். ட்ரைவர் எழுதுவதையும் அப்படித்தான்; கெர்னலோடு வரும் குறிப்புகளை அச்செடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் படித்தேன். பொறியியல் பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

சாக்கில் வந்தவை

குற்றாலத்தில் ஓர் அருவி. எது என்று எழுதமாட்டேன்; அங்கே இருப்பவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அருவிக்கு மேலே ஓடையில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், கீழே ஒரு பெட்டிக்குள் போர்டு, பெட்டிக்கு மேலே சைரன். மலையில் மழை கொட்டி ஓடை உயர்ந்தால், குளித்துக்கொண்டிருப்பவர்கள் வெளியேறச் சைரன் கத்த வேண்டும். பழைய மென்பொருளோடு சென்சாரும் கெட்டுப்போனதால், புதிய சென்சாரும் புதிய லினக்ஸும் போட எங்கள் கம்பெனி ஒப்புக்கொண்டது. சென்சாரும் லினக்ஸும் பேசிக்கொள்ள நடுவில் நிற்கும் நிரல்தான் ட்ரைவர். அதை எழுதுவது என் வேலை, சோதித்துக் கையெழுத்துப் போடுவது சபீனா வேலை. சபீனா கடையநல்லூர்க்காரப் பெண். பஸ் எவ்வளவு தாமதமானாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

போர்டுகள் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் சணல் சாக்கில் வந்தன. பஞ்சு இல்லை, அட்டை இல்லை. ஒன்றோடொன்று உரசி, நாலைந்தில் பின்கள் வளைந்திருந்தன. மாடிப்படி ஏறி வந்த பார்சல்காரர் மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு மூச்சு வாங்கக் கேட்டார்: "அண்ணாச்சி, உள்ள என்ன நெத்துத் தேங்காயா? குலுக்குனா சலசலங்குது."

வாய் திறக்காத போர்டு

போர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, கம்பி மாட்டி அது எழுத்தாக ஏதாவது சொல்கிறதா என்று திரையில் பார்ப்பதுதான். ஒன்பது நாள் திரையில் ஓர் எழுத்து வரவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பியை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், போர்டை மாற்றினேன். மணிக்கொரு தரம் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "பேசிச்சா?" என்பார். பேசவில்லை என்றால் தலை உள்ளே போய்விடும்.

பத்தாம் நாள் சபீனா நான் எழுதிய போர்டுப் பட்டியலை வரி வரியாக விரல் வைத்துப் படித்து, முகவரி ஒன்றில் ஒரு பூஜ்யம் குறைவதைக் கண்டுபிடித்தாள். சேர்த்ததும் திரை எழுத்தால் நிறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். முதலாளி வந்து பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. அவர் சொன்னது: "பேசிருச்சுல்லா? இனி நிக்க விடாம வேலை வாங்குங்க."

வாளி

சென்சார் ட்ரைவரை என் மேசைக் கம்ப்யூட்டரில் எழுதினேன். போர்டில் ஒரு தரம் மாற்றிப் பார்க்க இருபது நிமிஷம் ஆகும். மேசையில் இரண்டு நிமிஷம் போதும். உங்களில் யார் இப்படிச் செய்யவில்லை என்று கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். கழிப்பறையிலிருந்து நீல வாளியை எடுத்து வந்து, தண்ணீர் நிரப்பிச் சென்சாரை இறக்கினேன். முப்பது சென்டிமீட்டர் தண்ணீருக்கு முப்பது காட்டியது. பாதியைக் கொட்டினேன், பதினைந்து காட்டியது. வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலை முதல் தடவையிலேயே சரியாக வந்தது அன்றுதான்.

சபீனா வாளியையும் பார்த்தாள், மூலையில் கிடந்த போர்டையும் பார்த்தாள். "வாளிய நம்புதேன் அண்ணாச்சி. அந்தப் போர்டைத்தான் நம்ப முடியல."

பூஜ்யம்

மே மாதக் கடைசி. அருவியில் பாறைதான் தெரிந்தது. ஓடை காய்ந்து கிடந்தது. போர்டைப் பெட்டிக்குள் மாட்டி, ட்ரைவரை ஏற்றினோம். நீர்மட்டம் பூஜ்யம் என்று வந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் பூஜ்யம். சரிதானே? சபீனா ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இந்தப் போர்டிலேயே சென்சாரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். தண்ணீர் லாரி மேலே ஏறாது. குடத்தில் சுமக்க வேண்டும். சாரல் எந்த நாளும் விழலாம். "வாளியில பார்த்தாச்சும்மா. அதே ட்ரைவர், அதே சென்சார். போடு கையெழுத்த" என்றேன். முதலாளி அவசரப்படுத்தியிருந்தால் வாசலில் நின்று முழக்கம் போட்டிருப்பேன். சொன்னது நான். என் பேச்சுக்காக அவள் போட்டாள்.

அருவிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார். வெயிலுக்குப் பிடித்த குடை. "தண்ணி இல்ல, மெஷினும் இல்லங்குது. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

துண்டோடு ஓடியவர்கள்

சாரல் தொடங்கிய முதல் காலை, பாறையில் நூல் நூலாகத் தண்ணீர் இறங்கியது. அதற்கே சைரன் அலறியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணெயோடும், துண்டு கட்டியவர்கள் துண்டோடும் ஓடினார்கள். ஓடையில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், பெட்டியிலிருந்து எங்கள் அலுவலகத் திரைக்கு வந்த எண் இருநூற்றைம்பத்தாறு. பத்து மணிக்குள் ஏழு முறை கத்தியது. ஒவ்வொரு முறையும் என் போன் அடித்தது. சென்சாரில் ஏதோ மின் இரைச்சல் என்று நானே முடிவு கட்டினேன். ஓடையின் கரையே இருநூற்றைம்பது சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் வரும் எண் பொய்யாகத்தான் இருக்க வேண்டும், அதைத் தள்ளிவிட்டு முந்தைய எண்ணையே வைத்துக்கொள் என்று ட்ரைவரில் ஒரே ஒரு வரி சேர்த்து, அலுவலகத்திலிருந்தே ஏற்றினேன்.

சைரன் அடங்கியது. போனும் அடங்கியது. அந்த அமைதி என்னை உறுத்தியது. ஆனால் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் உதவிப் பொறியாளர் மட்டும் கூப்பிட்டார்: "அருமை சார். இப்ப இருக்குத இடமே தெரியல."

விசில்

நாலாம் நாள் மத்தியானம். தென்காசியில் வெயில், எங்கள் மாடி ஜன்னலில் தெரியும் மலை மட்டும் கறுத்து, சிகரம் மறைந்திருந்தது. திரையில் நீர்மட்டம் பூஜ்யம். சாரல் பெய்து நாலு நாளாகியும் பூஜ்யம். அருவிக்கரையில் ஆட்களை ஒழுங்குபடுத்தும் தற்காலிகக் காவலர் மாடசாமிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மலையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். பூஜ்யம். ஆறு முறை போட்டும் எடுக்கவில்லை. நான் எண்ணியதெல்லாம் அந்த நேரத்தில் அங்கே எத்தனை பேர் குளித்துக்கொண்டிருப்பார்கள் என்பதைத்தான்.

இருபது நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகு கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது. அவர் விசிலை ஊதி, கம்பால் தட்டி, போகமாட்டேன் என்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியேற்றியிருக்கிறார். கடைசி ஆள் படி ஏறியபோது கைப்பிடிக் கம்பி முங்கிவிட்டது. வழுக்கி விழுந்த ஓர் அம்மாளுக்குக் கால் முறிவு; உயிர்ச்சேதம் இல்லை. மாடசாமிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எதுக்கு அண்ணாச்சி ஆறு தடவ அடிச்சிய? நான் ஊதிட்டு நின்னேன். உங்க சைரன்லா தூங்கிட்டு இருந்துச்சு!"

டிரம்

விசாரணை இரண்டு நாள் கழித்து என்றார்கள். முதலாளி அதற்குள் தீர்ப்பை டைப் அடித்துவிட்டார்: சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டது சபீனா, எனவே சபீனாவை நீக்குகிறோம். எனக்கு இரத்தம் கொதித்தது. அடிமட்டத்தில் இருப்பவரைப் பலி கொடுப்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவன் நான். விசாரணையில் என்ன பேச வேண்டும் என்று பேப்பரில் எட்டுப் பக்கம் எழுதினேன். அந்த எட்டுப் பக்கத்தில் ட்ரைவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விசாரணை அன்று காலை சபீனா கட்டடத்துப் பின்புறம் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதே வகைப் போர்டில் சென்சாரை மாட்டியிருந்தாள். நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர். சென்சாரிலிருந்து போர்டு படித்த எண் பத்தாயிரத்து இருநூற்று நாற்பது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சென்சார் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு துண்டாக, சின்னத் துண்டை முன்னால் வைத்து அனுப்புகிறது. மேசைக் கம்ப்யூட்டரும் அப்படியே படிக்கும். பவர்பிசியோ முதலில் வருவதைப் பெரிய துண்டு என்று படிக்கும். திருப்பிப் போட ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், நான் எழுதவில்லை. பூஜ்யத்தை எப்படித் திருப்பினாலும் பூஜ்யம், அதனால் மே மாதம் தெரியவில்லை. தண்ணீர் வந்ததும் எண்கள் எல்லாம் இருநூற்றைம்பதைத் தாண்டின. நான் சேர்த்த வரி அவை எல்லாவற்றையும் பொய் என்று தள்ளி, தொடக்கத்தில் இருந்த பூஜ்யத்தையே வைத்துக்கொண்டது. ஓடை பெருகப் பெருக, என் ட்ரைவர் பூஜ்யம் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நாலாவது முறை வெளியே போனால் ஐந்தாவது வாசல் கிடையாது. சபீனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் டிரம்மு கேட்டேன். நீங்க வாளின்னு சொன்னிய. அங்கன போய் இத யாரு சொல்லுதது அண்ணாச்சி, நீங்களா, நானா?"

விசாரணை

உதவிப் பொறியாளர் அறையில் சாட்சிகளாக மாடசாமியும் அலுவலக எழுத்தர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சபீனா கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி தன் கடிதத்தை மேசையில் வைத்து, "பொறுப்பானவங்க மேல நடவடிக்கை எடுத்துட்டோம்" என்றார். நான் எழுந்தேன். எட்டுப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சோதனைத் தாள் போதாது, ட்ரைவரில் எந்த வரியை யார் எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்ற பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதைச் சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும் என்றேன். முதலாளி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "அண்ணாச்சி, உக்காருங்க. உங்கள யாரும் கேக்கலலா" என்றார். நான் உட்காரவில்லை. உதவிப் பொறியாளர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "நீங்களே படிங்க சார். எல்லாருக்கும் கேக்குத மாதிரி."

கோப்பின் பெயரைப் படித்தேன், தேதியைப் படித்தேன், "பொய்யான அளவுகளைத் தள்ளுதல்" என்று நானே எழுதிவைத்த குறிப்பைப் படித்தேன், ஆலை வாசல்களில் எத்தனையோ மேலாளர்களின் பெயரை ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி படித்த தொண்டைக்கு, அன்று ஏழு பேர் இருந்த அறையில் இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது: "சேர்த்தவர், சு. வேலாயுதம்."