நல்லா இருக்கு என்று நான் சொன்ன வாசனை

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் ஊருக்கு வந்த அன்று, என் மனைவி கதவைத் திறந்ததும் என் மூக்கில் ஏறியது வார்னிஷ் வாசனை. திருச்சியில் விமானம் இறங்கி தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று காரில் வந்த வழியெல்லாம், நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயல்களின் மண்வாசனையை ஆசை தீர இழுத்துக்கொண்டு வந்தவன் நான். அதிராம்பட்டினத்தில் எங்கள் வாசலில் நின்றபோது, உள்ளே யாரோ கட்டிலுக்குப் பாலிஷ் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அந்த வாசனை அவள் முந்தானையிலிருந்து வருகிறது என்று புரிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துபாயில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் எனக்குக் கலவை வேலை. வருகிறவர் மூக்குக்கும் தோலுக்கும் ஏற்றபடி எண்ணெய்களைச் சொட்டுக் கணக்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஊது என்கிற அகில் எண்ணெய், சந்தனம், ரோஜா எல்லாம் அலமாரியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். எனக்குப் பிரியமானது அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் பழுப்புக் குப்பியில் இருந்த கிரேப்ஃப்ரூட் எண்ணெய். நம் ஊர் பம்பளிமாசுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை அந்தப் பழம். அதன் தோலைச் சூடு காட்டாமல் பிழிந்து எடுப்பார்கள். கலவையில் கடைசியாக ஒரு சொட்டு விட்டால் போதும், தூங்கிக்கொண்டிருந்த வாசனை எல்லாம் எழுந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் அது மட்டும் போய்விடும்.

கல்யாணத்துக்கு வந்தபோது அவளுக்கென்று ஒரு குப்பி கொண்டுவந்திருந்தேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அந்தப் புது வீட்டில் எனக்குப் பேச்சு வராமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் முந்தானை நுனியில் ஒரு சொட்டு வைத்தேன். முகர்ந்துவிட்டு, பக்கத்து அறையில் யாரோ பம்பளிமாஸ் உரிக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பதுபோல் நடித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்தது. தோலில் பூசாதே, வெயில் பட்டால் கறுத்துவிடும், துணியில் மட்டும் தொடு என்று பெரிய நிபுணன்போல ஆயிரம் சொன்னேன். இது நாள்பட நிற்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் துபாய்க்குப் போய்விட்டேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் வீடுகளில் அத்தர் என்றால் பீரோவுக்குள் வைத்துக் காப்பது. நாளாக ஆகத்தான் அதற்கு மதிப்பு, பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே வரும். இந்தப் பழத்தோல் எண்ணெயோ காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரத்தில் கெட்டுவிடும். அவள் அத்தரைக் காப்பதுபோல அதைக் காத்துவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் திறந்து ஒருமுறை முகர்ந்து மூடியிருக்கிறாள். கெடுவதற்கு அது போதும்.

"நல்லா இருக்கா மச்சான்?" என்று கேட்டாள்.

கெட்ட எண்ணெயைக் கெட்டது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் இரண்டு வருஷம் காத்திருந்து ஒரு பெண் அப்படிக் கேட்கும்போது எந்த மடையன் சொல்வான்? "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு இருபது வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு புதுக் குப்பி கொண்டுபோனேன், ஒவ்வொரு முறையும் வாசலில் வார்னிஷ்தான் என்னை வரவேற்றது. ஒருமுறை மனம் கேட்காமல், புதுசைத் திறந்து இப்போதே வையேன் என்றேன். இதுக்கு இன்னும் நாள் இருக்கு என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் வரும் நாளுக்காகச் சேமிக்கிறாள் என்று நினைத்து உருகிப்போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் நினைப்பேன், ஏர்போர்ட்டுக்குக் கார் வந்துவிடும்.

வேலையை விட்டு ஒரேயடியாக வந்து மூன்று வருஷம் அவளோடு இருந்தேன். அப்போதும் அவள் பழைய குப்பிகளிலிருந்தே தொட்டுக்கொண்டாள், நானும் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு அவள் போய்விட்டாள். துணை இறந்தால் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் இத்தா முறைகளெல்லாம் பெண்களுக்குத்தான், ஆணுக்கு ஒன்றுமில்லை. நான் பாட்டுக்கு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாற்பதாம் நாள் கழிந்து மகள் பீரோவை ஒழித்தபோது, முக்கால்வாசி நிறைந்த குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பாவம், உன் உம்மா எல்லாத்தையும் சேர்த்துவச்சே கெடுத்துட்டா என்றேன்.

மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சேத்து வைக்கல வாப்பா. நீங்க வர்றதுக்கு ஆறு மாசம் முந்தியே மூடியக் கழட்டி வெயில் படுற ஜன்னல்ல வச்சுருவாங்க. வாப்பாவுக்கு இப்படி ஆனாத்தான் புடிக்கும்பாங்க. அந்த வாடைக்கு அவங்களுக்குத் தலைவலி வரும். ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டுத்தான் உங்களுக்குக் கதவத் தொறப்பாங்க."

எனக்குப் பிடித்தது புது வாசனை. அவளுக்குப் பிடித்ததும் அதுதான். நான் சொன்ன ஒரு பொய்யினால் இரண்டு பேரும் அது இல்லாமலே வாழ்ந்து முடித்தோம். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி, அவள் என்னைத் திட்டி, இருவரும் சிரிக்க ஒரே ஒரு மத்தியானம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

பழைய குப்பிகளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொரு சொட்டாகத் தலையணையில் விட்டுத் தீர்த்துவிட்டேன். போன மாதம் துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி, புதிதாக ஒன்று வாங்கி வரச் செய்தேன். முதல் தரமான சரக்கு. திறந்ததும் அறை முழுக்கப் பம்பளிமாஸ். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்து பார்த்தேன். பழம்தான் இருந்தது, அவள் இல்லை.

நேற்று அறையைப் பெருக்க வந்த மகள், ஜன்னலில் இருந்த குப்பியைப் பார்த்து, "வாப்பா, மூடி போடாம வெயில்ல வச்சிருக்கீங்களே, கெட்டுப்போயிடாதா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. இன்னும் பதம் வரல" என்றேன்.