தேவராஜ் நிறுத்திய சோதனை

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "தேவராஜ் பூட்டாரும்மா" என்றார் பழைய சகா ஒருவர். பையை அங்கேயே போட்டுவிட்டு, அவர் வீடு இருக்கும் ஸ்கெலட்டன் பகுதிக்கு ஆட்டோ ஏறினேன்.

ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி நாங்கள் இருவரும் பல வருடம் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள். ராணுவத்துக்காக உயர் ஆற்றல் வாயு லேசர் உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் நான் பொறியாளர், அவர் டெக்னீசியன். கரியமில வாயுவைக் கடுமையாகச் சூடாக்கி, மெல்லிய துவாரங்கள் வழியே சீறவிட்டுப் பெறுகிற கதிர். கண்ணுக்குத் தெரியாது, இரும்புத் தகட்டை ஓட்டை போடும். தேவராஜின் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்தவர். வெடிக்குமுன் ஆள் எண்ணும் அந்தப் பழக்கத்தை இவர் எங்கள் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே போகிறவர் பலகை ஆணியிலிருந்து ஒரு டோக்கன் எடுக்க வேண்டும், வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். "ஆணி காலியா இருந்தா ஆள் உள்ள இருக்கான். அவ்ளோதான்" என்பார்.

ராணுவ அதிகாரிகள் பார்க்க வந்த அன்று ஓர் ஆணி காலி. வாயு தயார், எல்லோரும் வெளியே நிற்கிறோம். "இன்னும் ஒரு டோக்கன் வரல. யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார் தேவராஜ். என்னிடம்தான். முன்தினம் ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் அதைக் கோட்டுப் பையிலேயே போட்டு, துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண் பொறியாளர். பெயர் கெட்டுப்போகுமே என்று வாயே திறக்கவில்லை. அவர் யாரையும் சுவிட்சைத் தொட விடாமல் மூலை முடுக்கெல்லாம் தேடினார். வாயுவை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதிகாரிகள் கிளம்பிப் போனார்கள். தேவராஜைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் ரயிலில் டோக்கனை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள யாரும் இல்லியே, அது போதும். போய் மாட்டும்மா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. நான் குழுத் தலைவியானேன். அவர் கிடங்கிலேயே ஓய்வு பெற்றார்.

சாவு வீட்டில்கூட ஒருவர், "நல்ல மனுசன். அன்னிக்கி பிடிவாதம் புடிச்சிக் காரியத்தக் கெடுத்துட்டாரு" என்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை நான். சே, என்ன ஜென்மம்!

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி சரோஜாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அழவில்லை.

"தெரியும்மா. அன்னிக்கே சொன்னாரு. நீயா ஒருநாள் வந்து சொல்லுவ, அதுவரிக்கும் கேக்கக் கூடாதுன்னாரு. நீ வந்து போறப்பல்லாம், இன்னிக்கிச் சொல்லுவா போலன்னு நெனச்சிப்பேன்."

எத்தனை தீபாவளிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்!

இதைப் படிக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களே, அன்று சோதனையைக் கெடுத்தவள் நான். தேவராஜ் செய்தது சரி. அவர் என்மேல் வைத்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதற்கு நான் தகுதியானது அவர் போன பிறகுதான்.