மைனஸ் மூன்றும் மைனஸ் நான்கும்

கணவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதே என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். கணக்கும் கற்றுக்கொள்ளாதே என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் நான் உதவியாசிரியை. முழு ஆசிரியையாக டிப்ளோமா வேண்டும். டிப்ளோமாவில் சேர எஸ்.பி.எம். என்கிற பள்ளியிறுதித் தேர்வின் கணக்குத் தாளில் தேர்ச்சி வேண்டும். படிக்கிற வயதில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள் நான். நாற்பது வயதில் அந்த ஒரு தாளை மறுபடி எழுதப் பதிந்துகொண்டேன்.

என் கணவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். "டியூஷன் எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றார். கணக்கில் அவர் கெட்டிதான். ஆனால் எதிரில் இருப்பவளுக்கு எங்கே தடுக்கிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடாது.

முதல் பாடமே நொம்போர் நிஸ்பா. தமிழில் சொன்னால் விகிதமுறு எண். தமிழ்ப்பள்ளியில் அரை, கால், முக்கால் எல்லாம் பயமில்லாமல் போட்டவள்தான் நான். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதே பின்னம் மலாய்ப் பேரில் வந்தது, முன்னால் ஒரு மைனஸையும் மாட்டிக்கொண்டு. அங்கே விட்ட பிடியை அப்புறம் நான் பிடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிய மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

"மேல ஒரு முழு எண், கீழ ஒரு முழு எண். அப்படி எழுத முடிஞ்சா அது நிஸ்பா. கீழ மட்டும் சைபர் வரக்கூடாது. ஈசி லா."

"அப்போ அஞ்சு?"

"அஞ்சும்தான். அஞ்சுக்குக் கீழ ஒண்ணு."

"அஞ்ச யாருங்க அப்படி எழுதுவாங்க?"

"யாரும் எழுத மாட்டாங்க. எழுத முடியுமா, அதுதான் கேள்வி."

இது எனக்குப் புரிந்தது. பரவாயில்லை, மனுஷன் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார் என்றுகூட நினைத்தேன். அடுத்து மைனஸ் வந்தது. மைனஸ் மூன்றிலிருந்து நான்கைக் கழிக்கச் சொன்னார். நான் ஏழு என்று எழுதினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏழா? எப்படி ஏழு வரும்?"

"ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க?"

"அது பெருக்கும்போது. இல்லாட்டி ரெண்டும் ஒட்டி நிக்கும்போது."

"இதுவும் பக்கத்துலதானே நிக்குது?"

"நடுவுல மூணு இருக்குல்ல?"

"நடுவுல மூணு இருந்தா ஏன் மாறணும்?"

"ஏன்னு கேக்காத. அது ரூலு."

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டு, ரூலு என்று நான் பதில் சொன்னால் அதன் அம்மா மறுநாளே வந்து நிற்பார்.

அன்று மாலை சாமான் வாங்க ஒரு பேரங்காடிக்குப் போனோம். நிலத்தடியில் காரை நிறுத்திவிட்டு லிப்டில் ஏறியதும் அவருக்கு முகம் மலர்ந்தது. "இதோ பாரு, இதுதான் எண்கோடு. G தான் சைபர். மேல போனா பிளஸ், கீழ போனா மைனஸ். நாம B2ல இருக்கோம், அப்போ மைனஸ் ரெண்டு."

நான் பொத்தான்களைப் பார்த்தேன். B1க்கும் Gக்கும் நடுவில் LG என்று ஒன்று இருந்தது.

"அப்போ LG எத்தனை?"

"அது மைனஸ் ஒண்ணு."

"B1?"

கொஞ்சம் யோசித்தார். "மைனஸ் ரெண்டு."

"இப்பதான் B2 மைனஸ் ரெண்டுன்னீங்க. சரி, மேல 3A இருக்கே, அது முழு எண்ணா, பின்னமா?"

"அது நாலு. சீனவங்களுக்கு நாலு ராசியில்லன்னு அப்படிப் போட்டிருக்காங்க," என்றார். பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற சீன ஆன்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதை அவர் நம்பவில்லை. "உனக்குப் படிக்கிற எண்ணமே இல்ல," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மீன், வெங்காயம், சோப்புத்தூள் எல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வாங்கினேன்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ரயிலில் போய் வரவேண்டும். சொல்லித் தருபவர் என் தங்கை மகள் வயதுப் பெண். என்னை ஆன்டி என்பார். குறி ஒன்றாக இருந்தால் கூட்டு, வேறாக இருந்தால் கழி, பெரியதன் குறியைப் போடு என்று மளமளவென்று எழுதிப்போட்டார். நான் கை தூக்கி, "ஏன் மிஸ்?" என்றேன்.

"ஏன்னு பார்த்தா நேரம் போயிடும் ஆன்டி. பேப்பர்ல ஏன்னு கேக்க மாட்டாங்க."

மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்ததை எல்லாம் ஒன்றோடொன்று குழப்பினேன். மைனஸ் அரை, மைனஸ் முக்கால், எது சிறியது என்ற கேள்விக்கு அரை என்று எழுதியிருந்தேன். அரைதானே சிறியது? பெரிய சிவப்புத் தப்புக்குறி. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தத் தாளும் வேண்டாம், டிப்ளோமாவும் வேண்டாம் என்றிருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பள்ளி மண்டபத் தரையில் ஒட்டுநாடாவை நீளமாக ஒட்டினேன். நடுவில் சைபர், வலப்பக்கம் பிளஸ், இடப்பக்கம் மைனஸ். கூட்டல் என்றால் வலப்பக்கம் பார்த்து நிற்பது, கழித்தல் என்றால் இடப்பக்கம் திரும்புவது. சாதாரண எண் என்றால் முன்னோக்கி நடப்பது, மைனஸ் எண் என்றால் பின்னோக்கி நடப்பது. இப்படி நானே ஏற்பாடு செய்துகொண்டேன்.

மைனஸ் மூன்றில் நின்றேன். நான்கைக் கழிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பி நான்கு அடி நடந்தேன். மைனஸ் ஏழு. மறுபடி மைனஸ் மூன்றுக்கு வந்து, இந்த முறை மைனஸ் நான்கைக் கழித்தேன். இடப்பக்கம் திரும்பி, பின்பக்கமாக நான்கு அடி வைத்தேன். சைபரைத் தாண்டி ஒன்றில் நின்றேன். நடுவில் மூன்று இருந்தால் ஏன் மாறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று நான் நிற்கும் இடம். ஒட்டி நிற்கும் இரண்டு மைனஸில் ஒன்று என்னைத் திருப்புகிறது, மற்றது பின்னால் நடக்க வைக்கிறது. மைனஸ் முக்காலும் அப்படித்தான். மைனஸ் அரையைவிட இன்னும் இடப்பக்கம் தள்ளிப் போய் இருக்கிறது, அதனால் சிறியது.

அறை அறையாகப் பூட்டிக்கொண்டு வந்த தலைமையாசிரியை வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர், கால் வலியா?"

"இல்ல மேடம், கணக்குப் போடறேன்."

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கூடத்தில் நடந்தும் காட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார்.

"அதத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்றேன்," என்றார்.

தேர்வு எழுதினேன். மேசைக்கடியில் என் கால்கள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததை மேற்பார்வையாளர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார். பிரமாதமான மதிப்பெண் இல்லை, ஆனால் தேறிவிட்டேன். டிப்ளோமாவில் சேர்ந்தும் ஆயிற்று. உறவுக்காரர்கள் வந்தால் என் கணவர், "நான்தான் உக்கார்ந்து சொல்லிக் குடுத்தேன்," என்கிறார். நான் மறுப்பதில்லை. மறுத்தால் மறுபடி விளக்க ஆரம்பித்துவிடுவார்.