கஜபதி அண்ணன் வண்டிக்கு ஏறிய சூடு

பட்டாபிராமில் எங்கள் பக்கத்து வீட்டுக் கஜபதி அண்ணன் முப்பது வருடம் ஆவடித் தொழிற்சாலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்டவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு, சொந்த வண்டியின் சூடு பிடிபடவில்லை.

தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக் அது. இரண்டு பக்கமும் பெட்டி வேறு. மகள் கல்யாணம் நல்லபடி முடிந்தால் ஆறுபடை வீட்டுக்கும் வருகிறோம் என்று அவர் மனைவி பத்மா அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். முருகன் அருளால் கல்யாணம் முடிந்தது. இரண்டு பேரும் பைக்கிலேயே போய்வர வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஆனால் ஆவடி தாண்டுவதற்குள் அக்காவுக்குக் கால் வெந்துவிடும்.

"ஏங்க, இது வண்டியா அடுப்பா? பங்குனி உத்திரத்துக்குள்ள சரியாவலன்னா நான் எதுத்த வீட்டுக் கமலத்தோட நம்ம தெருக்காரங்க போற வேன்ல போயிடுவேன். நீங்க இதக் கட்டிகினு அழுங்க."

அன்றே அண்ணன் ஒரு நோட்டு போட்டார். எந்த சிக்னலில் எத்தனை நிமிடம் நின்றால் சூடேறி இன்ஜின் விசிறி ஓடுகிறது, வெயிலில் எப்படி, விடியலில் எப்படி என்று எழுதினார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மாற்றினார், ஆயில் மாற்றினார். மழை பெய்த அன்றும் விசிறி ஓடியது.

"வெயில் இல்ல, நெரிசல் இல்ல. எங்கேருந்துதான் வருது இந்தச் சூடு?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஆனால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல ஆகிவிட்டது. கரையான்சாவடி மெக்கானிக் அப்துல் ரசாக் பாயிடம் அவர் போனபோது நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். என் காலும் சுட்டது.

பாய் எதையும் கழற்றவில்லை. குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் டார்ச் அடித்தார். சல்லடை மாதிரி மெல்லிய தகடுகள். நடுவே காற்று புகுந்தால்தான் இன்ஜின் குளிரும். அங்கே மஞ்சளாக அடை அடையாக என்னவோ அப்பியிருந்தது.

பாய் சுரண்டி முகர்ந்தார். "இன்னா அண்ணாத்தே இது? சேறுனு பாத்தா வாசனையா கீது!"

சந்தனம்.

வெள்ளிக்கிழமைதோறும் பத்மா அக்கா வண்டிக்குப் பொட்டு வைப்பார். அந்தச் சல்லடைத் தகடுதான் வண்டியின் நெற்றி என்று அவர் நினைப்பு. விரல் நிறைய எடுத்து அழுத்தி அப்புவார். பூசையில் வைத்ததைத் துடைக்கலாமா? வண்டி முழுக்கக் கழுவுகிற அண்ணன் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவார். ஆறு மாதச் சந்தனத்தில் ரோட்டுப் புழுதியும் ஒட்டி இறுகிப்போயிருந்தது.

"அவகிட்ட எப்படிச் சொல்லுவேன் பாய்? மனசு ஒடஞ்சிடுவா."

"சாமி கும்புட்டதுக்கு யார்னா கோச்சிக்குவாங்களா? சும்மா சொல்லு நைனா."

பாய் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தார். மஞ்சள் தண்ணீர் தரையில் ஓடியது. யாரும் மிதித்துவிடாதபடி அண்ணன் அதன் பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் அவரே அக்காவிடம் சொன்னார்.  அக்கா வண்டியின் ஹேண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மூச்ச அடைச்சிட்டேனா? வாயில்லாத ஜீவன், சொல்லவும் தெரியலியே அதுக்கு."

மறுநாள் இருவரும் மாங்காட்டு அம்மனைப் பார்த்துவர அதில் போனார்கள். நான் வாசலிலேயே காத்திருந்தேன். திரும்பி வந்த அக்கா இறங்கி, குனிந்து, காலைத் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணனைக் கேட்டார்:

"திருத்தணிக்குக் காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்?"